காயாத இரண்டு மூட்டை

என் வீட்டுக்காரர் காலை உடைத்துக்கொண்டது ஓடுகிற வண்டியில் இல்லை. ஸ்டாண்டு போட்டு நின்ற வண்டியில் உட்கார்ந்தபடி, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார், வண்டியோடு சாய்ந்தார். விழுந்த இடத்திலிருந்தே எனக்குப் போன் போட்டு, "தண்ணி வந்துருச்சு" என்றார். காலைப் பற்றி அதற்கப்புறம்தான் சொன்னார்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்றுதான் அந்தக் காலைப் பார்த்தேன். இடது தொடை வற்றிப்போய்ப் பாதியாக இருந்தது. ஒரு கால் அறுபதைத் தாண்டியவருடையது, இன்னொன்று பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து அவருடையது என்று சொல்லலாம். எலும்பு கூடிவிட்டது, இனி நடந்தால்தான் தேறும் என்றார் டாக்டர். நடக்க வேண்டிய மனுஷன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் இருக்கும் எங்கள் மகன் அன்றைக்கே போனில் சொல்லிவிட்டான். "அம்மா, தீபாவளிக்கு வர்றேன். அப்பா தடியில்லாம வயலுக்குப் போயிட்டு வந்தாருன்னா சரி. இல்லேன்னா நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. ஆள்கூடப் பாத்து வச்சிருக்கேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவன் வீட்டில் நான் ஒரு மாதம் இருந்து பார்த்திருக்கிறேன். லிப்டில் ஏறுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கதவையே பார்ப்பார்கள். நான் சிரித்தால் பயப்படுவார்கள். இவரை அந்தப் பால்கனியில் உட்காரவைத்தால் இரண்டே மாதத்தில் முடங்கிப்போவார். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

பாபநாசத்தில் ஒரு பிசியோதெரபி பெண் இருக்கிறாள். கூத்தாநல்லூர்க்காரி, வெடுக்கென்று பேசினாலும் கைராசிக்காரி. இவர் தொடையை டேப் வைத்து அளந்துவிட்டு, பொறுமையாக விளக்கினாள். "அப்பா, தசைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அடுப்பு நெறைய இருக்கு. நீங்க சாப்பிடுறத எரிச்சு அதுதான் தெம்பாக்கித் தருது. கட்டுப் போட்டுப் படுத்தே கிடந்தீங்கல்ல, அதுல பாதி அணைஞ்சுபோச்சு. சூடு வச்சா, இருக்குற அடுப்பு அணையாம ஓரளவு காப்பாத்தும். ரத்த ஓட்டமும் கூடும். ஆனா நடந்து, காலத் தூக்கி இறக்கி வேலை குடுத்தாத்தான் புது அடுப்பு உண்டாகும்."

இவர் முதல் பாதியோடு காதை மூடிக்கொண்டார். சூடு போதும் என்று முடிவு கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒத்தடத் திருவிழா. தவிட்டை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம். அது ஆறியதும் கல்லுப்பு. உப்பு ஆறியதும் வெந்நீர்ப் பை. ஒருநாள் அந்தப் பை படுக்கையில் ஒழுகி, பெரிய மனுஷன் பாயை நனைத்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரி நினைத்துக்கொண்டு என்னிடம் ஆறுதலாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனாள். நான் மறுக்கவில்லை, அந்த அளவுக்குக் கோபம். அடுப்பு இவருக்கு, விறகு நானா?

உடற்பயிற்சி என்ற பேச்சை எடுத்தாலே அவருக்கு மூக்கின் மேல் கோபம் வரும். "காலத் தூக்கு, இறக்கு. எதுக்கு? தூக்குன கால வச்சு எதையாவது மிதிச்சாலாவது ஒரு அர்த்தம் இருக்கு. சும்மா தூக்குறவன பாத்தா ஊரே சிரிக்கும்." நாற்பது வருஷம் சேற்றில் நடந்தவர். வேலையில்லாமல் உடம்பை அசைப்பது அவருக்கு மானக்கேடு. பிசியோ பெண்ணிடம் போய்ப் புலம்பினேன். "வெறும் சூடா வச்சுகிட்டிருந்தா அடுப்பு எரியும்மா, ஆனா சோறு வேகாது" என்று சிரித்தாள்.

அதற்குள் குறுவை அறுவடை வந்துவிட்டது. மெஷின் அறுத்துக் கொடுத்த நெல்லில் ஈரம் இருந்தது. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் நெல்லைக் காயப்போடக் களம் தேடுவதில்லை, தார் ரோடு போதும். பாதி ரோட்டில் நெல், ஓரத்தில் வரிசையாகச் செங்கல், மீதிப் பாதியில் பஸ். நெல்லைப் பரப்பிவிட்டு, இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே நடந்தால் சால் சாலாகப் பிரிந்து அடிநெல் மேலே வரும். வெயில் இறங்குகிறவரை அதைச் செய்துகொண்டே இருக்கவேண்டும்.

ஆள் கிடைக்காமல் நானே நடந்தேன். இவர் வாசலில் நாற்காலி போட்டு, தொடையில் தவிட்டு மூட்டையோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். எரிச்சலில் எனக்குச் சால் கோணல்மாணலாகப் போனது.

"என்ன சால் அது? குடிச்சவன் நடந்த மாதிரி இருக்கு" என்றார்.

"நேரா போடத் தெரிஞ்சவங்க எந்திரிச்சு வந்து போடட்டும்" என்றேன்.

அடுத்த சால் வேண்டுமென்றே இன்னும் கோணலாகப் போட்டேன். அவரால் பொறுக்க முடியவில்லை. பொண்டாட்டி கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிடுவார், கோணல் சால் ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார அவரால் ஆகாது. தவிட்டு மூட்டை கீழே விழ, தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தார். ரோட்டில் இறங்கி, நொண்டிக்கொண்டே ஒரு சால் போட்டார். நூல் பிடித்தமாதிரி இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மோர் எடுத்துவரப் போனேன்.

அதன் பிறகு நெல்லின் பக்கம் என்னை விடவில்லை. காலையிலும் மாலையிலும் அவர்தான். அவர் கிளறிய கிளறலில் நெல் காய்ந்து சலசலவென்று சத்தம் கொடுத்தது. கொள்முதல் நிலையத்தில் மெஷின் வைத்து ஈரம் பார்த்தவர், "இப்படிக் காஞ்ச நெல்ல இந்த வருசம் நான் பாக்கல. எடையில நஷ்டம் உங்களுக்குத்தான்" என்றார். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீடு வரைக்கும் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார்.

பிசியோ பெண் மறுபடி தொடையை அளந்தாள். ஏறியிருந்தது. "என்னப்பா செஞ்சீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணும் செய்யல. ஒத்தடந்தான்" என்றார், கூசாமல். நான் போட்டு உடைத்தேன். அவள் கை கொட்டிச் சிரித்தாள். "கீழ ரோட்டுச் சூடு, மேல நடை. நான் சொன்ன ரெண்டையும் ஒண்ணா செஞ்சிருக்காரு. இத விடாதீங்கம்மா."

எப்படி விடாமல் இருப்பது? நெல்தான் போய்விட்டதே. இவர் மறுநாளே நாற்காலிக்குத் திரும்பிவிட்டார், வெந்நீர்ப் பை கேட்டார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கிய இரண்டு மூட்டைதான் மிச்சம். நான் ஒரு சாயங்காலம் அவற்றின் வாயைப் பிரித்து, செம்பால் தண்ணீர் தெளித்துக் கட்டிவைத்தேன். காலையில், "சாரல்ல நனைஞ்சு போச்சுங்க" என்றேன். ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார். "ஆமா, ஈரந்தான்" என்று எழுந்தார்.

காய்ந்ததும் அள்ளிவைப்போம். சாயங்காலம் நான் தெளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவேன். காலையில் அவர் கடித்துப் பார்ப்பார், "இன்னும் போகலியே" என்பார், ரோட்டில் இறங்குவார். பஸ் டிரைவர்கூட வேகத்தைக் குறைத்து, "என்னங்க, உங்க நெல்லு மட்டும் காயவே மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு நெல்லைக் கடித்தே வயலையும் வாய்க்காலையும் சொல்லிவிடுகிற ஆளை ஏமாற்றுகிறேன் என்று எனக்கு உள்ளூரக் கர்வம்.

நடுவில் இரண்டு நாள் மூட்டம். மூட்டைகள் கட்டியபடியே கிடந்தன. வெயில் வந்ததும் அவிழ்த்துக் கையை விட்டேன், உள்ளே கதகதவென்றிருந்தது. வெளியே எடுத்தால் ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக முளை. நான் தெளித்தது முளைக்கிற அளவுக்கு இல்லை.

அவரும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். ஒரு முளையை நகத்தால் கிள்ளிப் பார்த்தார்.

"மூட்டத்துலயும் நீ தெளிச்சியா?"

"ஆமா."

"நானும்ல தெளிச்சேன்" என்றார். "நீ கோயிலுக்குப் போன பொறவு."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"மொத நாள்லேருந்தே. சாரல் அடிச்சா மூட்டையில ஒரு பக்கந்தான் நனையும். நீ வாயத் தொறந்து ஊத்தியிருந்தே." தலையைக் குனிந்துகொண்டு, தடியால் முளையைக் கிளறினார். "மூட்டத்துக்கு முந்தி நாலு நாளும் நல்ல வெயிலு. நெல்லு காஞ்சுட்டா, மறுநாள் எனக்கு ரோட்டுல என்ன வேல இருக்கு? மெட்ராஸுக்குப் போற வேலதான் இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, "ரெண்டு மூட்டை சாப்பாட்டு நெல்லு வீணாப்போச்சே" என்று சத்தம் போட்டேன். "முளைச்சத இனி என்ன செய்ய?"

"முளைச்ச நெல்ல என்ன செய்வாங்க? நாத்து விடுவாங்க. குறைஞ்ச வயசு ரகந்தான். இப்ப விட்டாலும் அடுத்த போகம் தாளடிக்கு வந்துரும்" என்றவர், கையில் ஒரு பிடி முளையை அள்ளிக்கொண்டு நாற்றங்கால் இடம் பார்க்கப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து மகன் போன் செய்தான். குத்தகைக்காரர் நிலத்தைப் பார்க்க வருகிறாராம். "நெலம் காலியா இல்லப்பா" என்றேன். "உங்கப்பா நாத்து விடப் போயிட்டாரு."

"அப்பாவா? தடியோடதானே போயிருக்காரு?"

நான் திரும்பிப் பார்த்தேன். தடி மூட்டைக்குள் முளைகளுக்கு நடுவே குத்தி நின்றது.

"இல்ல" என்றேன். "அது இங்கதான் இருக்கு."