நான் வேலை செய்த கம்பெனியின் பங்கு

எங்கள் கம்பெனியின் பங்கு விலை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னவர் பக்கத்து மெஷினில் நிற்பவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கான தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் கம்பெனி அது. இளவயதில் சேர்ந்ததிலிருந்து அங்கே பவர் ப்ரெஸ் ஓட்டினேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“பாரு மாமே, நம்ம கம்பெனி எப்டி கீதுன்னு. செவப்பா கீதா? தெனிக்கும் எறங்கிகினே கீது. இப்டியே போனா இழுத்து மூடிருவானுங்க.”

பொதுவாகவே நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஐந்தாவது வரை படித்தவன். என் வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நின்றால், கேட்டைத் திறந்து மூடும் வேலைதான் கொடுப்பார்கள் என்று தெரியும். ஆவடிக்கு ரயிலில் திரும்பும்போது ஒன்று தோன்றியது. விலை இறங்குகிறது என்றால் கம்பெனியிடம் பணம் இல்லை. நாம் பங்கு வாங்கினால் அந்தப் பணம் கம்பெனிக்குப் போகும். பணம் போனால் கம்பெனி ஓடும். என் யோசனை அவ்வளவுதான். அந்த வருடம் தீபாவளி போனஸ் வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள், “கம்பெனி குடுத்ததக் கம்பெனிக்கே குடுக்கப்போறியா?” என்று மட்டும் கேட்டாள்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே பங்குத் தரகரின் அலுவலகம் இருந்தது. இரண்டாம் ஷிப்டு வாரத்தில் காலையில் போனேன். முதல் நாள் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். அடுத்த நாள் மேலே ஏறினேன். ஆர்டர் போடும் பெண் ஒருத்தி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். ஆதார், பான் கார்டு, பாஸ்புக் எல்லாம் வாங்கிக்கொண்டு டீமேட் கணக்கு திறந்தாள். பேங்கில் பணம் கிடப்பதுபோல அதில் பங்கு கிடக்கும், கையில் காகிதம் எதுவும் வராது என்றாள். சில நாள் கழித்து மறுபடி போனபோது வாங்கவேண்டிய பங்கின் பெயரைச் சொன்னேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

“இந்தப் பக்கம் வாங்குறவங்க அண்ணா, இந்தப் பக்கம் விக்கிறவங்க. வாங்குறவங்கள்ல யார் அதிக விலை சொல்றாங்களோ அவங்க மேல இருப்பாங்க. விக்கிறவங்கள்ல யார் கம்மியா கேக்குறாங்களோ அவங்க மேல. ரெண்டு விலையும் ஒண்ணாச்சுன்னா வியாபாரம் முடிஞ்சுடும். ஒரே விலைய ரெண்டு பேர் சொன்னா, முன்னாடி சொன்னவங்களுக்குத்தான்.”

பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்கள் தானாக மாறின. யாரும் யாரையும் இடித்துக்கொண்டு முன்னால் போகவில்லை. எனக்குப் பேரம் பேச வராது, காய்கறிக் கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவன். இங்கே வாயைத் திறக்காமலே பேரம் நடந்தது. என் ப்ரெஸ்ஸில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். ஒரு கையால் எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. இதுவும் அந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் ஆர்டர் உடனே முடிந்தது. நாளைக்குப் பங்கு கணக்கில் ஏறிவிடும் என்றாள்.

“பணம் கம்பெனிக்கு எப்பம்மா போய்ச் சேரும்?” என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை.

“கம்பெனிக்குப் போகாதுண்ணா. யார் வித்தாங்களோ அவங்களுக்குப் போகும். கம்பெனி மொதமொதல்ல பங்கு வெளியிட்டப்போ வந்த பணம்தான் கம்பெனிக்கு. அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தர் வாங்குறாங்க, அவ்ளோதான். நீங்க பழைய பைக் வாங்குனா, அந்தப் பைக் செஞ்ச கம்பெனிக்கு ஏதாவது போகுதா?”

“போகாது.”

“அதேதான்.”

“வித்தது யாரு?”

“தெரியாதுண்ணா. சந்தை நடுவுல நின்னு இங்க பணத்தையும் அங்க பங்கையும் சரியா மாத்திக் குடுத்துடும். யாரு என்னன்னு சொல்லாது.”

கீழே இறங்கி டீ குடித்தேன். வருத்தம் என்று ஒன்றும் வரவில்லை. கொதிக்கக் கொதிக்கக் குடித்திருக்கிறேன், நாக்கு சுட்டது பிறகுதான் தெரிந்தது. அன்று ஷிப்டில் பக்கத்து மெஷின்காரரிடம் வாங்கியதை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் அவருக்கு மொதலாளி.

“மொதலாளி, ஒன் மெஷினுக்கு எண்ண ஊத்தச் சொல்லு. நம்ம சொத்து, கத்திகினு கீது பாரு.”

மற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கேன்டீனில் சாம்பார் தண்ணியாக இருந்தால் என்னிடம் புகார் வரும். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன். விலை கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. ப்ரெஸ் ஓடிக்கொண்டிருந்தது.

மழை முடிந்து வெயில் தொடங்கிய சமயம். முதல் ஷிப்டு. வேலை இடத்தில் செல்போன் கூடாது, லாக்கரில்தான் இருக்கும். மதியம் டீக்கு விட்டபோது எடுத்துப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று தரகர் அலுவலகப் பெண்ணுக்குத் தெரியும், பேசி அனுப்பியிருந்தாள். காதில் வைத்துக் கேட்டேன்.

“அண்ணா, உங்க கம்பெனி இப்போ சந்தைக்கு ஒரு தகவல் குடுத்திருக்காங்க. அம்பத்தூர் யூனிட்ட மூடுறாங்களாம், போர்டு மீட்டிங்ல முடிவாகியிருக்கு. மெஷினெல்லாம் வேற ஊர் யூனிட்டுக்குப் போகுதாம். செலவு கொறையும்னு வாங்குறாங்க, விலை ஏறிட்டே இருக்கு. விக்கணும்னா சொல்லுங்க. பாத்துக்கோங்கண்ணா.”

இரண்டு தடவை கேட்டேன். நோட்டீஸ் போர்டில் கேன்டீன் நேரமும் ரத்ததான முகாமும் மட்டும் இருந்தன. சூப்பர்வைசர் எப்போதும்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. பங்கு வைத்திருப்பவர்களிடம் எதையும் மறைக்கக்கூடாது, முடிவெடுத்த உடனே சந்தைக்குச் சொல்லவேண்டும் என்று சட்டம் இருப்பதாக அந்தப் பெண் பிறகு சொன்னாள். மெஷின் முன்னால் நிற்கிறவர்களுக்கு அப்படி உடனே சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது.

செல்போனைப் பக்கத்து மெஷின்காரரின் காதில் வைத்தேன். கேட்டுவிட்டு அவர் டீ டம்ளரைக் கழுவும் இடத்தில் வைத்தார். வழக்கமாக வைக்கமாட்டார், பெஞ்சிலேயே விட்டுவிடுவார்.

“நம்மள ஊட்டுக்கு அனுப்புனா வெல ஏறுதா?”

“ஏறுதாம்.”

“நல்லா கீது மொதலாளி.” கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார். “எல்லார்கிட்டயும் சொல்லவா?”

“சொல்லுங்க.”

மணி அடித்தது. நான் போய் மிச்சமிருந்த தகடுகளை அடித்து முடித்தேன். ஷிப்டு முடிந்து வெளியே வருவதற்குள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். எல்லோரும் அதைச் சுற்றி நின்று கத்தினார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

அடுத்த வாரம் இரண்டாம் ஷிப்டு. காலையில் பாத்திரக் கடை மாடிக்குப் போனேன். இன்னும் ஏறலாம், வைத்திருங்கள் என்றாள் அந்தப் பெண். விற்றுவிடச் சொன்னேன். என் செல்போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு ஒப்புதல் போட்டுக்கொண்டாள். வாங்கும் பக்கம் நீளமாக வரிசை இருந்தது. என்னுடையது ஒரே ஆளுக்குப் போகவில்லை, உடைந்து இரண்டு மூன்று பேருக்குப் போனது. வாங்கியதைவிட அதிகம் கிடைத்தது. மறுநாள் பேங்கில் ஏறிவிடும் என்றாள். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன்.

“வாங்குனவங்களுக்கு இங்க மூடுறது தெரியுமா?”

“தெரிஞ்சதாலதான் வாங்குறாங்கண்ணா.”

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூடும் தேதி வரை ப்ரெஸ் ஓடியது. கடைசி வாரத்தில் பக்கத்து மெஷினை அவிழ்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். அவர் வேலை இல்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். தரையில் நான்கு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன.

“வித்துட்டியா?”

“வித்துட்டேன்.”

“எவன் வாங்குனான்?”

“சொல்லமாட்டாங்களாம்.”

அவர் அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒன்ன மாரியே ஒருத்தன் வாங்கிருப்பான் மாமே. கம்பெனிய காப்பாத்தணும்னு.”

அவரிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்கவும் இல்லை. அடுத்த தகடை எடுத்து வைத்தேன். அவர் ஓரமாக நகர்ந்துகொண்டார். இரண்டு பட்டன்களையும் அழுத்தினேன்.