ஐம்பது நாள் எண்ணிக்கை

என் மருமகனை நான் ஏமாற்றினேன். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை; சரியான எண்களைக் கொண்டே ஏமாற்றினேன்!

உங்களிடம் மறைப்பானேன்? அந்த நாளைப் போல் நான் வென்ற நாள் இந்த எழுபத்து மூன்று ஆண்டுகளில் வேறில்லை.

முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எண்ணாமல் இருக்கத் தெரியாது. சத்தியவேட்டில் என் மகன் குமாரும் மருமகன் சேகரும் சேர்ந்து நடத்திய செல்போன் கடைக்குத் தினமும் போய் மூலையில் உட்காருவேன். எந்தப் பெட்டி எத்தனை போனது என்று நோட்டில் குறிப்பேன்.

ஒருநாள், நாலு பேர் நிற்கும்போது சேகர் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"இன்னாத்துக்கு மாமா குந்திக்கினு எண்ணிக்கினு கீறீங்க? கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா வந்துடப் போவுது."

என் முழங்கால் வலியை நினைத்துத்தான் சொன்னான்... தெரியும். ஆனாலும் அந்த நாலு பேரும் சிரித்தார்களே! நாலு பேர். எண்ணினேன்.

பிறகு திருப்பதியில் புதுக்கடை திறக்கும் பேச்சு வந்தது. ஒரே நிறுவனத்தின் போன்களை மட்டும் விற்கும் பெரிய கடை. எந்த நிறுவனம் தேறுகிறதோ, அதன் போனை இதுவரை பார்த்துக்கொண்டவன் அங்கே முதலாளி. குமாருடையது நீலப் பெட்டி. போன ஆண்டு தை முதல் நாள் சந்தைக்கு வந்தது. சேகருடையது கறுப்புப் பெட்டி. இந்த ஆண்டு தெலுங்கு ஆஷாட மாதம் பிறந்த மறுநாள் வந்தது. திருப்பதிதான் என்று நம்பி, அவன் மனைவி, என் மகள் தேவி அங்கே வாடகை வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாள்.

வெவ்வேறு ஆண்டில் வந்த இரண்டு போன்களை எப்படி ஒப்பிடுவது? இருவரும் என்னைத்தான் கேட்டார்கள். ஆம், கம்ப்யூட்டரை அல்ல, என்னை!

"ரெண்டுக்கும் மொத அம்பது நாள். சினிமாவுக்குப் பாக்கறதில்லயா, அந்த மாதிரி" என்றேன்.

இதைவிட நியாயம் உண்டா என்றுதானே நினைக்கிறீர்கள்? அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

எங்கள் ஊரில் பாதி வீடு தெலுங்கு, பாதி வீடு தமிழ். பெரிய விலைப் பொருளை நல்ல மாதம் பாராமல் யாரும் தொடமாட்டார்கள். தெலுங்கு வீட்டார் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆஷாடம் அயிபோனீண்டி", ஆஷாடம் முடியட்டும் என்று நகர்வார்கள். அது முடியுமுன்பே நம்மவர்களுக்கு ஆடி பிறந்துவிடும்; "ஆவணியில வாங்கிக்கிறோம்பா" என்று இவர்கள் நகர்வார்கள். இருவரும் ஒன்றாகக் கடையேறும் நாள் வருவதற்குள் ஐம்பது நாள் ஓடிவிடும். பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, விரல்விட்டு எண்ணித்தான் ஐம்பது என்றேன். நூறு என்று சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லவில்லை?

ஐம்பத்தோராம் நாள் கடை நிறைய ஆள். நோட்டைப் பிரித்து உரக்க வாசித்தேன். நீலம் இருநூற்றுப் பதினான்கு! கறுப்பு தொண்ணூற்றாறு!

சேகர் மெல்ல வாய்திறந்தான். "மாமா... நடுவுல ஆஷாடமும் ஆடியும் வந்துடுச்சே..."

"அம்பதுன்னா அம்பதுதாம்பா! உனக்குன்னு தனிப் பஞ்சாங்கம் அச்சடிக்கட்டுமா? வேணும்னா உன் கம்ப்யூட்டர்லயும் ஒரு தட்டு தட்டிப் பாரேன்!"

கடையே சிரித்தது. இந்த முறை பதினேழு பேர்! அவன் தட்டினான். அதே எண்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை. "நைனா கணக்குன்னா சும்மாவா!" என்று குமார் என் தோளைக் கட்டிக்கொண்டான். ஆகா... அந்த நொடியில் எனக்கு முழங்கால் இருப்பதே மறந்துபோயிற்று!

அடுத்த ஐம்பது நாளையும் எண்ணினேன். யாரும் கேட்கவில்லை, நானே எண்ணினேன். கறுப்பு இருநூற்று அறுபத்தொன்று. அதற்குள் திருப்பதியில் நீலப் பலகை ஏறியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் யாருக்கும் வாசிக்கவில்லை.

முதலெல்லாம் அங்கே போனதில் சத்தியவேட்டுக் கடையை மூடியாயிற்று. திருப்பதிக் கடை நன்றாகவே நடக்கிறது, பிறகென்ன? என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். சேகர் தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போகிறான். தேவி திருப்பதி வீட்டைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்திருந்தார்கள். "வேலை எப்படி?" என்று கேட்டேன்.

"போன் பேக்கிங்தான் மாமா. ஒரு ஷிப்டுக்கு எத்தினி டப்பான்னு எண்ணி எழுதணும். இதுவரிக்கும் ஒண்ணுகூடத் தப்பல" என்றான். "எண்ண ஆரம்பிக்கச்சொல்ல உங்கள நெனச்சிக்குவேன். தப்பே வராது."

கேலியா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்... நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமைப்பட்டேன்! நெஞ்சு நிமிர, "எண்ணறப்போ பேச்சு குடுக்காத, அதான் சூட்சுமம்" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அவன் கவனமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.