கூடைக்கு இரண்டு ராத்தல்

அன்னமேரி டீச்சருக்கு அந்தத் தோட்டத்தில் பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. ஏலப்பாறையிலிருந்து மேலே ஏறும் பாதையில், தேயிலைத் தோட்டத்துப் பள்ளியை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு அவளுக்கு. அதற்குக் கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள், மேலே ஆபீஸ்காரர் வீடுகள். லைன்காரர்கள் "டீச்சரம்மா" என்று தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கல்யாணமாகாத முப்பத்து நாலு வயசுக்காரியோடு நமக்கென்ன பேச்சு என்று ஆபீஸ்காரர் வீட்டுப் பெண்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டிலிருந்து வந்தவளுக்கு மலைக்குளிர் பழகிவிட்டது. பேச ஆளில்லாதது மட்டும் மூன்று வருஷமாகியும் பழகவில்லை. திங்கட்கிழமை காலையில் வகுப்பில் வாயைத் திறந்தால் குரல் கம்மியிருக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதற்கு வேலையே இருந்திருக்காது.

ஏழாம் வகுப்புக்கு அவள்தான் கணக்கு. அந்த வகுப்பில் கணக்கில் தேறுகிறவர்களை எண்ணுவதற்கு ஒரு கை விரல் போதும். தலைமையாசிரியர் செல்லத்துரை இதற்கெல்லாம் அலட்டிக்கொள்கிற ஆள் இல்லை.

"கொழுந்து கிள்ளப் போற பிள்ளைகளுக்குக் கணக்கு வந்தா என்ன, வராட்டி என்ன டீச்சர்? வருஷா வருஷம் பரீட்சை வரும், பிள்ளைக தோக்கும், மழை பெய்யும். விடுங்க" என்பார்.

டீச்சர் விடவில்லை. 'பிள்ளைகளுக்குப் பழக்கமான பொருளை வைத்துக் கணக்குக் கொடு' என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ஐம்பத்து மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் அதையும் செய்து பார்த்தாள். காலையில் இருபத்து நாலு ராத்தல், மத்தியானம் பதினெட்டு ராத்தல் கொழுந்து கிள்ளினால் மொத்தம் எவ்வளவு? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட விரல் மடக்கிச் சொல்லிவிடும் கணக்கு. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முப்பத்தெட்டு என்று எழுதி வைத்திருந்தார்கள். அதே எண்களில் மாம்பழம் என்று மாற்றிக் கேட்டாள். நாற்பத்திரண்டு என்று வகுப்பே கூவியது. மாம்பழத்துக்கு வருகிற கூட்டல் கொழுந்துக்கு வராமல் போகுமா? இத்தனை பேரும் ஒரே தப்பை எழுதினால் ஒருத்தனைப் பார்த்து மற்றவன் எழுதியதாகத்தானே அர்த்தம்? வரிசையாக நிற்க வைத்துப் பிரம்பால் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

அடி வாங்கியவர்களில் சின்னத்தாயும் ஒருத்தி. கணக்கில் அவள் கடைசிக்கும் கடைசி. ஏழாம் வகுப்பில் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவள். இந்தத் தடவையும் தோற்றால் பள்ளியை நிறுத்திவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிவிடுவதாக அவள் அப்பா குருசாமி சொல்லிவிட்டான். தேறினால் ஒரு வழி இருந்தது. மலைக்குக் கீழே போடியில் ஹாஸ்டலோடு ஒரு பெண்கள் ஹைஸ்கூல். அங்கே இருந்த கன்னியாஸ்திரீ ஒருவரிடம் சொல்லி, பணம் கட்டாமல் படிக்க டீச்சர் ஓர் இடம் கேட்டு வைத்திருந்தாள்.

பள்ளி விட்டதும் சின்னத்தாயை நிறுத்திக்கொண்டாள்.

"ஏட்டி, யாரைப் பாத்து எழுதின? நெசத்தைச் சொல்லு."

"யாரையும் பாக்கல டீச்சர்."

"அப்போ முப்பத்தெட்டு எங்கேயிருந்து வந்துச்சு?"

"காலையில கூடைக்கு ரெண்டு, மத்தியானம் கூடைக்கு ரெண்டு கழிச்சேன். கழிக்காம எப்பிடி டீச்சர்? எடை போடுறவுக கழிச்சுத்தான எழுதுவாக?"

டீச்சருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகை பள்ளியிலிருந்து கூப்பிடு தூரம்தான். மூன்று வருஷத்தில் ஒரு நாள் அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. யாரும் கூப்பிடவில்லை, இவளும் போகவில்லை. மறுநாள் சாயங்காலம் போய் நின்றாள். சின்னத்தாயின் அம்மா குருவம்மாள் கூடையைத் தொங்கவிட்டாள். தராசுக்காரர் எடையைச் சொன்னார், கூடையின் கனத்துக்கென்று இரண்டு ராத்தல் கழித்தார், இலை நனைந்திருந்ததால் இன்னும் ஒன்று கழித்தார். குருவம்மாள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். பின்னால் நின்றவர்களும் அப்படியே. பால்குடி மறந்த நாளிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறெப்படிக் கூட்டும்?

அடுத்த நாள் வகுப்பில், "உங்களை அடிச்சது என் தப்பு" என்றாள். பிரம்பைத் தூக்கி அலமாரி மேல் போட்டாள். பிற்பாடு ஸ்டூல் போட்டு ஏறி எடுத்த நாட்களும் உண்டு, அவளொன்றும் புனிதவதி இல்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தக் கணக்கையும் யாரும் எடுத்தவுடன் போடக்கூடாது என்று ஆயிற்று. முதலில் கேள்வியை உரக்கப் படிக்கவேண்டும். எது சொல்லியிருக்கிறது, எது சொல்லவில்லை என்று சொல்லவேண்டும். கடைசியில் டீச்சர் கேட்பாள், "இதுல கழிவு உண்டா?"

"இல்லை!" என்று தகரக் கூரை அதிரும். உண்டென்றால் எவ்வளவு என்று கேள்வியிலேயே தேடுவார்கள். இப்படித் தேடத் தேட, கணக்கென்றால் ஏதோ மந்திரவாதம் என்ற பயம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போயிற்று.

சின்னத்தாய்க்கு அது மட்டும் போதவில்லை. வகுத்தல் வராது. பின்னம் என்றால் காத தூரம் ஓடுவாள். அதனால் பள்ளி விட்டு அம்மா கொழுந்து நிறுத்துத் திரும்பும்வரை டீச்சர் வீட்டு அடுப்படியில் அவளுக்குத் தனிப்பாடம். டீச்சர் கோதுமை ரொட்டி சுட்டு மூன்றாகவும் நாலாகவும் கிழித்து வைப்பாள். எந்தத் துண்டு பெரியது என்று சரியாகச் சொன்னால் அது அவளுக்கு. பின்னத்தை அந்தப் பெண் தின்றே படித்தாள். படிப்புக்கு நடுவே வாய் ஓயாது. லைனில் யார் வீட்டுக் கோழி காணாமல் போனது, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாக் கதையும் வரும். "வாயை மூடிட்டுக் கணக்கைப் பாருட்டி" என்று டீச்சர் அதட்டுவாள். அப்புறம், "சரி, அந்தக் கோழி கிடைச்சுதா?" என்று அவளே கேட்பாள். நாலு மணி எப்போது ஆகும் என்று பிள்ளைகளைவிட டீச்சர்தான் அதிகம் காத்திருந்தாள்.

தேறினால் இந்தப் பெண் போய்விடுவாள் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொல்லிக்கொடுத்தாள். ஆனாலும் நீள வகுத்தல் ஒன்றைச் சின்னத்தாய் தானாகப் போட்டு முடித்த அன்று, 'சபாஷ்' என்று சொல்லிவிட்டு, பரீட்சைக்கு இன்னும் எத்தனை மாசம் என்று விரல் விட்டு எண்ணினாள்.

பங்குனி வெயிலில் பரீட்சை முடிந்தது. அந்த வருஷம் கணக்கில் தோற்றவர்களைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது. சின்னத்தாய் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கித் தேறியிருந்தாள். "கல்லுல நார் உரிச்சுட்டீங்க டீச்சர்" என்றார் செல்லத்துரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குருசாமி மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே நின்றான்.

"ரிசல்ட்டு சொன்னாக. சந்தோசம் டீச்சரம்மா. ஆனா பொட்டப்பிள்ளைய அம்புட்டுத் தூரம் எதுக்கு அனுப்பணும்? நீங்களும் ஒத்தையில கெடந்து கஷ்டப்படுறீக. இவ உங்க வீட்டோட இருக்கட்டும். பகல்ல கொழுந்துக்குப் போவா, பொழுது சாய வந்து உங்களுக்குத் தண்ணி எடுப்பா, சோறு பொங்குவா. நீங்க சொல்றதுதேன் முடிவு."

"நான் டீச்சர்கூடயே இருக்கேன்பா" என்றாள் சின்னத்தாய். முகமெல்லாம் சிரிப்பு.

டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்காமலே கடவுள் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார். காலையில் எழுந்தால் ஒரு குரல். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே ஓர் ஆள். ஒரு வார்த்தை, 'சரி' என்ற ஒரே வார்த்தை சொன்னால் போதும். ஊரில் யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை, பெண்ணைப் பெற்றவனே கேட்கிறான். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது.

"பிள்ளை நாப்பத்தொண்ணு வாங்கியிருக்கா குருசாமி" என்றாள் டீச்சர். "அதுல கூடைக்குன்னும் ஈரத்துக்குன்னும் நாம ரெண்டு பேரும் கழிக்க வேண்டாம். போடிக்கு அனுப்புங்க."

"உங்களுக்கு ஒரு தொணை..."

"எனக்கு யாரும் வேண்டாம்."

கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டாள். மெதுவாகச் சொல்லியிருந்தால் டீச்சருக்கே அழுகை வந்திருக்கும். சின்னத்தாயின் சிரிப்பு நின்றுபோயிற்று. அதற்கப்புறம் அவள் டீச்சர் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. சின்னத்தாய் போடிக்குக் கிளம்புகிற அன்று டீச்சர் குமுளி பஸ் நிற்கும் இடம்வரை இறங்கிப் போனாள். தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், டீச்சரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் வளைவில் மறைந்தது. நான் வேண்டாம் என்று சொன்னது உன்னை இல்லையடி என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தக் கோடை விடுமுறை முழுக்க டீச்சர் ரொட்டி சுடவில்லை.

ஜூனில் மழையோடு பள்ளி திறந்தது. ஏழாம் வகுப்பில் புது முகங்கள். கரும்பலகையில் டீச்சர் அதே கணக்கை எழுதினாள். காலையில் இருபத்து நாலு, மத்தியானம் பதினெட்டு. கழிவைப் பற்றி முதலிலேயே எச்சரித்திருக்கலாம். எச்சரிக்கவில்லை. தப்பாக எழுதுகிறவர்களுக்குத்தானே தனிப்பாடம்? அடுப்படிக்கு யார் வரப்போகிறார்கள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு டீச்சர் ஆசைப்படக்கூடாத ஆசைதான்.

சிலேட்டுகள் உயர்ந்தன. நாற்பத்திரண்டு. அதற்குப் பின்னாலும் நாற்பத்திரண்டு. வகுப்பு முழுக்க நாற்பத்திரண்டு.

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "சின்னத்தாயி அக்கா டீச்சர். போடிக்குப் போறதுக்கு முன்னாடி லைன்ல எங்க எல்லாரையும் உக்கார வச்சுச் சொல்லிக்குடுத்துச்சு. கேள்வியில இல்லாதத கழிக்கக்கூடாதாம். தப்பாப் போட்டா டீச்சருக்கு மனசு கஷ்டமாயிருமாம், டீச்சர் பாவம்னு சொல்லுச்சு."

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கணக்கை அழிக்கிற சாக்கில் முந்தானையால் முகத்தையும் துடைத்தாள். அழித்த இடத்தில் நீள வகுத்தல் ஒன்றை எழுதினாள், நல்ல நீளமாக. அது அந்த வகுப்பில் ஒருத்தருக்கும் வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.