வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றவர்

தவராசா அண்ணை இறந்த செய்தி எங்கள் அச்சகத்துக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அடித்தது. எடுத்தால் அழுகுரல். அழுகுரல் கேட்டவுடன் கை தானாகக் குறிப்புத்தாளை இழுத்துவிடும். பதினாறு வருடப் பழக்கம். பெயரென்ன, உடல் பார்வைக்கு எப்போது என்று கேட்டுவிட்டேன். "பிள்ளை, நான் சுகிர்தம். அண்ணை போயிட்டார்" என்றார் அவருடைய மனைவி. அதற்குப் பிறகு என்ன கேட்டேன் என்று நினைவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. நாங்கள் குடியேறிய இந்த நகரத்தில், வெக்ஸ்போர்ட்டிலிருந்து பிக்கரிங் வரை உங்களில் எத்தனையோ பேருடைய வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் அப்பாவும் அம்மாவும் அவர் கணினியில் திருத்திய முகங்கள்தான். எங்கள் அச்சகத்தில் மரண அறிவித்தலும் நினைவு மலரும் அவர் பொறுப்பு. ஆட்கள் கொண்டுவரும் படங்களைப் பார்த்தால் அவருக்குப் பத்திக்கொண்டு வரும். யாரோ ஒருவருடைய கலியாணவீட்டுப் படத்தில் பின்வரிசையில் நின்ற தலையை வெட்டித் தரச் சொல்வார்கள். ஒருமுறை, ஒரு தாயின் தோளில் கிடந்த வேறொருவரின் நான்கு விரல்களை அழிக்க ஒரு பின்னேரம் முழுவதும் மினக்கெட்டார். "ஆள் ஒருக்காத்தான் சாகும், பிள்ளை. பிழை விட்டா அடுத்தமுறை திருத்த ஏலாது" என்பார், சிரிக்காமல்.

சென்ற இலையுதிர்காலத்தில் தேநீர் குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: தனக்குக் கணையத்தில் புற்றுநோய், இனி மாதக்கணக்குத்தான். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை, நானும் சொல்லக்கூடாது என்றார். சுகிர்தம் அக்காவுக்கு நெடுநாளாக ஒரே ஆசை. கலியாணவீடும் செத்தவீடும் இல்லாத ஒரு பயணம். லண்டனுக்கும் பாரிசுக்கும் எத்தனை தரம் போயும் மண்டபத்தையும் உறவினர் வீட்டுச் சோபாவையும் தவிர வேறொன்றும் பார்த்ததில்லை. அதனால் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊராகத் தேடி, ஸ்பெயினில் கோர்தோபாவுக்கு நான்கு நாள் பயணம் அண்ணை ஒழுங்குசெய்திருந்தார். "தெரிஞ்சா அழுதுகொண்டு வருவா. நாலு நாளாவது சந்தோசமா இருக்கட்டும்" என்றார். நான் தலையாட்டினேன். நல்ல மனிதரின் நல்ல காரியம் என்றுதான் அப்போது பட்டது.

புறப்படுவதற்கு முதல் நாள் அக்கா அச்சகத்துக்கு வந்து புதுச் சப்பாத்தைக் காட்டினார். பெட்டியில் ஒரு சீலைகூட வைக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அங்கிருந்து அண்ணை எனக்குப் படங்கள் அனுப்பத் தொடங்கினார். சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள் நிறைந்த, அந்த ஊரின் பேர்போன பழைய பள்ளிவாசல் இல்லை. ஆற்றுப் பாலம் இல்லை. அக்காவும் இல்லை. அண்ணை மட்டும், மார்புக்கு மேலே, ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால். அந்த ஊரில் வெள்ளைச் சுவருக்குப் பஞ்சமில்லை. அந்தக் குறுகிய தெருக்களில் ஒழுங்கைக்கு ஒழுங்கை நின்றிருக்கிறார். எல்லாவற்றையும் எடுத்தது அக்கா. கடைசியில் "மூண்டாவது நல்லம். காது வெட்டுப்படாமல் பாரும்" என்று அண்ணை எழுதியிருந்தார். எனக்கு விளங்கிவிட்டது. "வடிவாக இருக்கு, அண்ணை" என்று பதில் போட்டேன். வேறென்ன எழுதுவது?

மார்கழியில் அவரால் சாப்பிட முடியாமல் போனபோதுதான் அக்காவுக்கு நோய் தெரியவந்தது. அது பயணத்துக்குப் பிறகுதான் வந்தது என்று நம்பிக்கொண்டு, ஆஸ்பத்திரியிலும் கோர்தோபாக் கதையையே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணை இறந்த மறுநாள் அக்கா அச்சகத்துக்கு வந்து என் பக்கத்தில் இருந்தார். மரண அறிவித்தலுக்கு நான் மூன்றாவது படத்தைத் திறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "உது நான் எடுத்தது" என்றார். மற்றப் படங்களையும் காட்டச் சொன்னார். ஒவ்வொன்றாகச் சுவர்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு திரையை விட்டு என்னைப் பார்த்தார்.

"உமக்கு முந்தியே தெரியுமோ, பிள்ளை?"

"ஓம், அக்கா."

"நான் ஊர் பார்க்கப் போனன். அந்த மனுசன் செத்தவீட்டு அலுவலா வந்திருக்கு."

வேறு படம் போடலாம் என்றேன். பாஸ்போட் படத்தைத் தவிர வேறு இல்லை. "உந்தப் படத்தையே போடும். அதுக்குத்தானே போனது. மிச்சத்தை அழிச்சுப்போடும்" என்று எழுந்து போய்விட்டார்.

அறிவித்தலில் நீங்கள் எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பார்த்தீர்கள். நல்ல படம், யார் எடுத்தது என்று அக்காவிடமே கேட்டீர்கள். முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது, இன்றுவரை என் தொலைபேசியை அவர் எடுப்பதில்லை. எடுப்பார் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

இறந்தவரைக் குறை சொல்லி எழுதுவது வழக்கமில்லை. ஆனால் அண்ணை, நீங்கள் செய்தது பிழை. நான் அதற்கு உடந்தை. நாலு நாள் சந்தோசத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் வந்து அதையும் பறித்துக்கொண்டோம்.

மற்றவற்றை எல்லாம் அழித்துவிட்டேன், ஒன்றைத் தவிர. படத்துக்குப் பதிலாக அக்கா வீடியோவை அழுத்தியிருக்கிறார், பதினொரு விநாடி. அண்ணை சுவரோடு விறைத்துப்போய் நிற்கிறார். "கொஞ்சம் சிரியுங்கோவன். பின்னாலைதான் ஒண்டும் இல்லை" என்று அக்காவின் குரல் கேட்கிறது. அண்ணை சிரித்துவிடுகிறார். அவர் முகமும் அக்காவின் சிரிப்பும் சேர்ந்து இருப்பது அதில் மட்டும்தான்.

அழிக்கச் சொன்னீர்கள், அக்கா. அதை மட்டும் அழிக்க என்னால் முடியவில்லை.