இரண்டாம் முறை அடித்த நம்பர்

திரேஸ்புரத்தில் மீன் ஏற்றிக்கொண்டு சாத்தான்குளம் வரைக்கும் தனியாக வேன் ஓட்டிப் போகிற பெண் மரியசெல்வி ஒருத்திதான். கணவன் ரோச் வள்ளத்தில் வழுக்கி விழுந்து தோள்பட்டை இறங்கிய பிறகு கடலுக்குப் போகவில்லை. மாப்பிள்ளையூரணியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்துகொண்டான். தலைச்சுமையாக மீன் விற்றவள் வண்டி ஓட்டப் படித்து லைசென்ஸ் எடுத்தாள். ஏலக்கூடத்து ஆண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே கூடையைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள்.

அந்த வெள்ளை வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவன் ரோச். "பட்டறைக்கு வந்த பழைய வண்டி. நானே சரிபண்ணுனேன்" என்றான். அவளும் நம்பினாள். நம்பாமலிருக்கக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

அன்று காலை முள்ளக்காட்டைத் தாண்டியதும் போலீஸ் கை காட்டியது. வேன் திருடும் கும்பல் ஒன்று பிடிபட்டிருந்ததால், அந்த மாதிரி வண்டி எதையும் சோதிக்காமல் விடவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் இந்துமதி ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்க, ஏட்டு மகாராஜன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஐஸ் உருகிய தண்ணீர் அவர் சட்டையில் சொட்டியது.

"மேடம், இங்கன கிரைண்டர் ஓடியிருக்கு" என்று கீழேயிருந்தே சத்தம் கொடுத்தார். "பழைய சேசிஸ் நம்பர ராவிட்டு மேல வேற நம்பர் அடிச்சிருக்கான். ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கிக் கெடக்கு."

இந்துமதி இன்ஜின் நம்பரைக் கேட்டு வாங்கி, போனில் யாரிடமோ சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பதில் வந்ததும் முகம் மாறியது.

"இது விருதுநகர்ல களவு போன வண்டி. உங்களுக்கு யாரும்மா குடுத்தா?"

மரியசெல்வி போனை எடுத்தாள். "எங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன், மேடம்."

நாலடி தள்ளிப் போய் ரோச்சைக் கூப்பிட்டாள். "வண்டிய போலீஸ் நிறுத்தியிருக்கு" என்று மட்டும்தான் சொன்னாள்.

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. "கீழ பாத்துட்டானுவளா?" என்றான்.

அவளுக்கு உப்பளக் காற்றிலும் வேர்த்தது. "அப்போ உங்களுக்குத் தெரியும்."

"ஏளா, நான் சொல்லுதத கேளு. முத்துச்செல்வத்துட்ட வாங்குனோம்னு சொல்லிரு. செத்தவன் எந்திரிச்சா வரப்போறான்?"

முத்துச்செல்வம் பட்டறைக்குப் பக்கத்தில் வண்டித் தரகு பார்த்தவர். போன வருஷம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி ஜெஸ்மி இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இட்லிக் கடை நடத்துகிறாள். அந்தப் பேரைச் சொன்னால் ஜீப் நேராக அந்தக் கடை வாசலில்தான் போய் நிற்கும்.

"அது என்னால ஆவாது. நீங்களே வாங்க. வரலன்னாலும் நான் உள்ளதத்தான் சொல்லுவேன்."

"என்னைய உள்ள தள்ளப் பாக்கியா?"

லைன் அறுந்தது. மறுபடி அடித்தாள், அணைத்து வைத்திருந்தான்.

இந்துமதியிடம் திரும்பி நடந்தாள். பெரிய கோயில் திருவிழாவில் தேருக்குப் பின்னால் இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தது, சம்பந்தமே இல்லாமல், நினைவுக்கு வந்தது. பொய் நாக்கு நுனியில் இருந்தது. சின்னப் பொய்தான். இந்துமதி அவசரப்படுத்தாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எம் புருசன்தான் கொண்டாந்தாரு, மேடம். பட்டறையில இருப்பாரு."

ஜீப் போனபோது பட்டறை பூட்டிக் கிடந்தது. மீனை வேறு வண்டியில் மாற்றி அனுப்ப விட்டார்கள். அவளை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ரோச்சின் அண்ணன் குலசேகரன்பட்டினத்தில் வள்ளம் வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். கடலுக்குள் போய்விட்டால் பிறகு யார் தேடுவது? நேரம் போகப் போக போலீஸ்காரர்களின் பேச்சு தடித்தது. "புருசனும் பொண்டாட்டியும் சேந்துதான் நாடகம் ஆடுதாவ" என்று ஒருவர் அவள் காதுபடவே சொன்னார். காப்பி கொண்டுவந்து வைத்தார்கள், அவள் தொடவில்லை.

வெயில் தாழ்கிற நேரத்தில் ரோச் வாசலில் வந்து நின்றான். வேர்வையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் இந்துமதியின் மேசைக்கு முன்னால் போனான்.

"குலசைக்கு, எங்க அண்ணங்கிட்ட போயிரலாம்னு பஸ் ஏறிட்டேன், மேடம். ஆத்தூர் தாண்டல, நான் பழி போடச் சொன்ன முத்துச்செல்வத்தோட பொண்டாட்டி ஜெஸ்மியும் பிள்ளைகளும் வாசல்ல போலீஸ்க்கு முன்னால நிக்குத மாதிரியே தெரிஞ்சுது. எறங்கிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னான். திருடியது அவனில்லை. அந்தக் கும்பல் கொண்டுவந்த வேன்களில் நம்பரை ராவி, விபத்தில் நொறுங்கிய வண்டிகளின் நம்பரை அடித்துக் கொடுத்தவன் அவன். வேலைக்குக் கூலியாக ஒரு வேனைக் கேட்டு வாங்கியிருக்கிறான். "நீ வெயில்ல மீன்கூடையச் சுமக்கக் கூடாதுன்னுதான்" என்று அவள் பக்கம் திரும்பிச் சொன்னான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைதான் அவளை அதிகம் சுட்டது.

மறுநாள் வேனின் சொந்தக்காரர் அடையாளம் காட்ட வந்தார். தண்ணீர் கேன் போடுகிறவர். வண்டி போன பிறகு தொழிலே நின்றுபோனதாம். ஸ்டியரிங்கைத் தொட்டதும் அழுதுவிட்டார். மரியசெல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரோச் பேரூரணிச் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தான். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று அவன் வீட்டார் அவளோடு பேச்சை விட்டுவிட்டார்கள். அவள் இன்னொருவர் வண்டியில் சம்பளத்துக்கு ஓட்டுகிறாள்; அவன் உப்பளத்தில் மூட்டை தைக்கிறான். வந்த புதிதில் ஒருநாள் கேட்டான்: "அந்தப் பேரச் சொல்லியிருந்தா எல்லாரும் தப்பிச்சிருப்போம்லா?"

"எல்லாரும்னா யாரு?" என்றாள். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. அரசுத் தரப்புச் சாட்சி அவள். குற்றவாளிக் கூண்டில் அவன். வாய்தா முடிந்ததும் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறித்தான் வீட்டுக்கு வருகிறார்கள்.