வாயசைப்பில் வந்த விடை

ஆடிப் பதினெட்டு விடுமுறைக்கு முந்தைய நாள் என் நாட்குறிப்பில் எழுதியது: "ஏழாம் வகுப்பு. சன்னலோரப் பெண் இன்றும் பதில் சொல்லவில்லை. கணக்குத் தாள் முழுவதும் சரி." இரண்டும் எப்படி ஒரே பிள்ளைக்குப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை.

மெல்லக் கற்போர் பட்டியலில் தலைமையாசிரியர் அவளைச் சேர்த்திருந்தார். அதில் இருந்தால், மற்றவர்கள் முழுக்கள், அதாவது பிளஸ் மைனஸ் எண்கள், படிக்கும் நேரத்தில் அவள் தனியறையில் கூட்டல் கழித்தலுக்கு உட்கார வேண்டும். "ஒரு தடவ காது கேக்கப் பதில் சொல்லட்டுங்க டீச்சர், பேர எடுத்துடறேன்" என்றார்.

எழுப்பிக் கேட்டால் கடைசி பெஞ்சுப் பையன், "வாய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டாங்க டீச்சர்" என்பான். வகுப்பு சிரிக்கும். அவளும் சிரிப்பாள், சத்தமில்லாமல்.

ஆவணி முதல் வாரம் ஜலகண்டாபுரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். முன்கூடத்தில் விசைத்தறிகள் ஓடின. அந்த இரைச்சலில் அவள் தாயிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. தாயும் அப்படியே பதில் சொன்னார். என்னைக் கண்டதும் தறியை நிறுத்தினார்.

"தறி ஓடறப்ப கத்துனா தொண்டதானுங்க போவும். வாயப் பாத்தே தெரிஞ்சுக்குவோம். பள்ளிக்கூடத்துலயும் தெனம் பதில் சொல்றேங்கறா, நீங்கதான் பாக்கறதில்லையாமுங்க."

மறுநாள் பார்த்தேன். சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அதிலிருந்து பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம் எல்லோரும் வாயசைத்தே விடை சொல்ல வேண்டும் என்றேன். எழுந்து நிற்கவே கூசிய வேறு சிலரும் போட்டி போட்டு அசைத்தார்கள். ஆனால் அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் வீட்டிலும் தறிகள்தான். அவன் குரல் தெருவுக்குக் கேட்கும். அப்படியானால் காரணம் தறியா, வேறு ஏதாவதா? நாட்குறிப்பில் ஒரு காரணத்தை எழுதுவேன், பிறகு அதையே அடித்துவிடுவேன்.

புரட்டாசியில் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டே கேள்வி கேட்டேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்குரல்: "மைனஸ் ஆறுங்க டீச்சர்."

விடை சரி. திரும்பினேன். வகுப்பே சன்னலோரத்தைப் பார்த்தது.

"நீயா கண்ணு?"

அவள் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியர், "கேட்டுச்சுங்க, கேட்டுச்சு" என்றார். மாலையில் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "அவளேதானுங்க டீச்சர்" என்றாள். அந்தக் குரலும் ஏறக்குறைய நான் கேட்ட குரல்தான்.

அன்று விடை சொன்னது யார் என்பதை நான் இதுவரை உறுதிசெய்யவில்லை.