குப்புறக் கிடந்த ரொட்டி

தாஜிகிஸ்தானிலிருந்து கசகஸ்தானின் அல்மாட்டி நகருக்கு வந்து திரைச்சீலை தைக்கும் சுமன்பாருக்கு, கடைக்குப் போவதென்றால் முந்தின நாளே பயம் பிடித்துக்கொள்ளும். பூப்போட்ட தலைத்துணியை அறையிலேயே அவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளூர்க்காரி மாதிரி கம்பளித் தொப்பி போட்டுக்கொள்வாள். கடைக்குள் வாயே திறக்க மாட்டாள். தங்கும் அனுமதி முடிந்து அன்றோடு பதினோரு நாள்.

"எடு, காசக் குடு, வந்துரு. நம்ம ஊரு நெனப்புல எதையாச்சும் பண்ணித் தொலைக்காத," என்று சொல்லித்தான் அறைத்தோழி நிகினா அனுப்பினாள்.

அரிசியும் எண்ணெயும் எடுத்தாயிற்று. ரொட்டி அடுக்கில் ஒரு வட்ட ரொட்டி குப்புறக் கிடந்தது. எந்தக் கட்டையில போறவன் இப்படி வெச்சான்? பார்க்காத மாதிரி இரண்டு எட்டு தாண்டினாள். அவள் ஊரில் ரொட்டியைக் குப்புறப் போடுவது பாவம்; மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து, அதை நிமிர்த்தி வைத்து, தொட்ட விரலை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"அக்கா."

பின்னால் கடைக் காவலாளி. அவள் கூடையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த ஊருக்கா நீங்க?"

"இங்கதான்," என்றாள், மனப்பாடம் பண்ணி வைத்திருந்த கசாக் மொழியில்.

அவன் ரொட்டியைப் பார்த்தான். அவள் நெற்றியைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"நாலு வருஷமா இந்த அடுக்குக்கு முன்னாலதான் நிக்கிறேன்க்கா. இந்த ஊர்க்காரங்க ஒருத்தர்கூட குப்புறக் கெடக்குற ரொட்டிய நிமித்தி வெச்சதில்ல."